இருபத்து நான்காவது டைவ்

ஜனவரி 5, ஞாயிறு

காலைப் பூசைக்குப் போகவில்லை. கடலுக்குப் போனேன். மாதா மன்னிப்பாள், மாமியார் மன்னிக்க மாட்டார்.

இன்றையது இருபத்து மூன்றாவது டைவ். பதினாறு மீட்டர், நாற்பத்தொரு நிமிடம். தண்ணீர் கலங்கல்தான். ஒரு களவா மீன் பாறை இடுக்கிலிருந்து ஐந்து நிமிடம் என்னை முறைத்தது, பத்தாம் வகுப்பு பி பிரிவு போல. ஆனால் அது “மிஸ், மிஸ்” என்று கூப்பிடவில்லை. கீழே யாருமே கூப்பிடுவதில்லை. என் மூச்சுச் சத்தம் மட்டும்தான். அதற்காகத்தான் போகிறேன் என்று ஸ்டீபனிடம் சொன்னால், “அதுக்கு மூவாயிரத்து ஐநூறா? கதவைச் சாத்திக்கிட்டு உட்காரு, நான் பேசாம இருக்கேன்” என்கிறார். கட்டிய புருஷன் பேசாமல் இருப்பதும் கடல் பேசாமல் இருப்பதும் ஒன்றா?

ஒரு டைவுக்கு மூவாயிரத்து ஐநூறு. ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ் டீச்சருக்கு எங்கள் பள்ளி தருவது இருபத்தெட்டாயிரம். ஸ்டீபன் பெயிண்ட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், அவர் சம்பளம் வீட்டு வாடகையிலும் மளிகையிலும் கரைந்துவிடும். மூன்று வருடமாக நகைச் சீட்டு கட்டவில்லை. ஸ்கூட்டியை விற்றுவிட்டு டவுன் பஸ். மாலையில் ஆறு பிள்ளைகளுக்கு டியூஷன். மாஸ்க்கூட ஒரு பிரெஞ்சுக்காரர் வேண்டாம் என்று விட்டுப்போனது. இத்தனை செய்தும் ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறைதான் கடல் கிடைக்கிறது. “பிள்ளையா குட்டியா, அவளுக்கென்ன செலவு” என்று ஸ்டாஃப் ரூமில் பேசுவதும் காதில் விழுகிறது. விழட்டும்.

திரும்பும்போது படகில் அன்வர் சார் பேசினார். டைவிங் சென்டர் அவருடையது. எனக்கும் வசுவுக்கும் டைவிங் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். வசு என்பது வசுந்தரா, எங்கள் பள்ளியிலேயே கெமிஸ்ட்ரி. கடலுக்குள் யாரும் தனியாக இறங்கக் கூடாது, ஜோடியாகத்தான். ஆரம்பத்திலிருந்தே என் ஜோடி அவள்தான்.

“ரெண்டு பேரும் டைவ் மாஸ்டர் கோர்ஸ் பண்ணிடுங்க டீச்சர். ஃபீஸ் வேணாம். ஞாயித்துக்கிழமை வர்ற டூரிஸ்ட்டுங்களைக் கொஞ்சம் பார்த்துக்குங்க. அப்புறம் உங்களுக்குக் கடல் ஃப்ரீ.”

கடல் ஃப்ரீ. காதில் தேன் வந்து பாய்ந்தது. ஒரே நிபந்தனை, லாக் புக்கில் நாற்பது டைவ் இருக்க வேண்டும். லாக் புக் எங்கள் ரெக்கார்ட் நோட்டு மாதிரிதான். தேதி, ஆழம், நேரம், சிலிண்டரில் எவ்வளவு காற்றோடு இறங்கினோம், எவ்வளவோடு ஏறினோம், கீழே ஜோடியின் கையெழுத்து.

“போன மே மாசம் அந்தமான் போனீங்களே, அங்க ஒரு பதினஞ்சாவது பண்ணியிருப்பீங்கல்ல?” என்றார்.

வசு என்னைப் பார்த்தாள்.

“இருக்கு சார். இன்னும் எழுதல” என்றேன்.

இன்னும் எழுதவில்லை என்பது உண்மைதான்.

ஜனவரி 8, புதன்

ரெக்கார்ட் நோட்டு ஐம்பத்திரண்டு. கை வீங்கிவிட்டது.

ரோஸ்லின் என்கிற பெண் மீட்டர் பிரிட்ஜ் சோதனைக்கு ஆறு அளவு எழுதியிருக்கிறாள். ஆறுக்கும் ஒரே விடை. என்னிடமா? கம்பி ஓரிடத்தில் தேய்ந்திருக்கும், கண் ஒரு மில்லிமீட்டர் ஏமாறும், உண்மையில் எடுத்த அளவு என்றால் அதில் ஒரு கோணல் இருந்தே தீரும். இது அக்கா நோட்டிலிருந்து இறங்கி வந்தது. சிவப்பு மையில் பக்கம் முழுக்கக் குறுக்குக் கோடு போட்டு ‘ரிப்பீட்’ என்று எழுதினேன். அழுதாள். அழட்டும்.

ஜனவரி 11, சனி

அந்தமானைப் பற்றி எழுதி வைக்க வேண்டும், மறந்துபோகும். வசுவின் அக்கா வீட்டுக்காரருக்குப் போர்ட் பிளேரில் வேலை, குவார்ட்டர்ஸ். பத்து நாள் இருந்தோம். ஒன்பது நாள் மழை, படகு போகவில்லை. பத்தாம் நாள் வெயில் அடித்தது. ஒரு டைவ் ஆறாயிரம் என்றார்கள். கைப்பையைத் திறந்து பார்த்துவிட்டு இரண்டு பேரும் திரும்பி வந்து வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டோம். அக்கா நன்றாகச் சுடுவார்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல் லீவு. வசு சர்க்கரைப் பொங்கலோடு வந்தாள். சாப்பாட்டு மேசையில் இரண்டு லாக் புக்கையும் விரித்து வைத்து அந்தமானை எழுதினோம். இருபத்து நான்கு முதல் நாற்பது வரை.

நான்கு பேனா. அதில் ஒன்று மை தீரப்போகிற பேனா, அது முக்கியம். எழுதி முடித்த பக்கங்களில் உப்புத் தண்ணீர் தெளித்து மாடியில் காயவைத்தேன். எண்கள் என் பொறுப்பு. கோணல் வைக்கத் தெரியாதவளா நான்? ஒரு நாள் காது அடைத்தது, ஒரு நாள் நீரோட்டம், ஒரு நாள் மாஸ்க்கில் தண்ணீர். வசுவுக்கு இந்தக் கணக்கெல்லாம் அலுப்பு, அவள் புக்குக்கும் நானே போட்டேன். அவள் என்னைவிட வேகமாகக் காற்றை இழுப்பவள். அதற்கெல்லாம் தனிக் கணக்கு போட்டுக்கொண்டிருக்க முடியுமா? என் எண்களையே ஐந்து பத்து மாற்றி அவளுக்கும் எழுதினேன். கையெழுத்து மட்டும் அவள் புக்கில் நானும் என் புக்கில் அவளும்.

“தப்பில்லையா ஃபிலோ?” என்றாள் நடுவில்.

“நம்ம ஸ்கூல்ல எந்த ரெக்கார்ட் நோட்டு தப்பில்லாம இருக்கு?” என்றேன். சிரித்துவிட்டாள்.

ஸ்டீபன் ஹாலிலிருந்து எட்டிப் பார்த்து, “என்ன, டீச்சருங்களுக்கே ஹோம்வொர்க்கா?” என்றார்.

பதினேழு டைவ். முறையாகச் செய்தால் அறுபதாயிரம். ஆறு மாதம் வெறும் உப்புமா சாப்பிட்டாலும் சேராது. பணம் உள்ளவனுக்கு நாற்பது டைவ் ஒரு லீவில் முடிகிறது. எனக்கு என்ன, திறமையா இல்லை?

ஜனவரி 19, ஞாயிறு

அன்வர் சார் புக்குகளைப் புரட்டினார். வசுவின் பக்கங்களில் கொஞ்சம் நின்றார்.

“நல்ல முன்னேற்றம் டீச்சர். முன்னெல்லாம் மோட்டார் மாதிரி இழுப்பீங்க. இப்ப மேல வரும்போது மிச்சக் காத்து எம்பதுக்குக் கீழ போறதே இல்ல.”

வசு தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று நினைத்திருப்பார். அடுத்த மாதம் பிராக்டிகல் முடிந்ததும் பயிற்சி தொடங்கலாம் என்றார்.

வெளியே மாசிலாமணி அண்ணன் சிலிண்டர்களைத் தண்ணீர்த் தொட்டிக்குள் நிறுத்திக் காற்று நிரப்பிக்கொண்டிருந்தார். வீராம்பட்டினத்துக்காரர், ஐம்பது வயது, முன்பு மீன்பிடிக்கப் போனவர். அவசரமாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகிவிடும். அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. “ஆறட்டும் டீச்சரம்மா. சூட்டோட சோறும் திங்கக்கூடாது, காத்தும் திங்கக்கூடாது” என்பார்.

பஸ்ஸில் வரும்போது வசு ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தலைவலியாம்.

பிப்ரவரி 10, திங்கள்

பிராக்டிகல் பரீட்சை. வெளிப்பள்ளியிலிருந்து வந்த எக்ஸாமினருக்கு இறால் பிரியாணி, ஃபலூடா. எல்லோருக்கும் முப்பதுக்கு முப்பது. ரோஸ்லினுக்கும்தான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

வசுவுக்கு அடிபட்டுவிட்டது. இப்போது எழுத முடியாது.

பிப்ரவரி 25, செவ்வாய்

சென்னையிலிருந்து எழுதுகிறேன். ஆஸ்பத்திரி வராந்தா.

ஞாயிறு பயிற்சியின் முதல் நாள். இருபத்தாறு மீட்டர். இதுவரை நாங்கள் இருவரும் பதினெட்டுக்குக் கீழே போனதில்லை. புக்கில் போயிருக்கிறோம். இருபத்தைந்து நிமிடம் கீழே இருக்கலாம் என்று அன்வர் சார் திட்டம் சொன்னார். படகில் பார்த்தபோது மூன்று பேர் காற்று மீட்டரும் முழுசாக இருநூறு காட்டியது. முன்னால் அவர், பின்னால் நாங்கள்.

கீழே எல்லாம் கைச் சாடைதான். பத்தாவது நிமிடம் காற்று எவ்வளவு என்று கேட்டார். நான் நூற்று ஐம்பது காட்டினேன், வசு நூற்று இருபது. பதினைந்தாவது நிமிடம் மறுபடி கேட்டார். வசு நூறு காட்டினாள். சரி என்று கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினார்.

இருபதாவது நிமிடம் யாரோ என் காலைப் பிடித்தார்கள். திரும்பினேன். வசு மேலே போய்க்கொண்டிருந்தாள். கைகால் அடித்துக்கொண்டு, நேராக மேலே. அன்வர் சார் துரத்திக்கொண்டு போனார், பிடிக்க முடியவில்லை. அவ்வளவு ஆழத்திலிருந்து மெதுவாக ஏற வேண்டும், வழியில் மூன்று நிமிடம் நின்று வர வேண்டும். சோடா பாட்டிலைப் பட்டென்று திறந்தால் எப்படி நுரைக்குமோ அப்படித்தான் வேகமாக ஏறினால் இரத்தத்துக்குள் நடக்கும். இதை நானே வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், சோடா பாட்டிலோடு.

ஜோடி என்றால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நான் ஒரு திருக்கை மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழகாக இருந்தது.

படகில் அவள் மீட்டரின் முள் பூஜ்யத்தில் கிடந்தது. அவள் வலது கை பலகையிலிருந்து தொங்கியது. அதை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “இது என் கை மாதிரியே இல்ல ஃபிலோ” என்றாள்.

இங்கே ஓர் இரும்புக் குழாய்க்குள் படுக்க வைத்துக் காற்றழுத்தம் ஏற்றுகிறார்கள், ஒரு தடவைக்கு ஐந்து மணி நேரம். அவள் கணவர் கணபதி சார் எனக்கும் சேர்த்து காபி வாங்கி வந்தார். “நீங்க கூட இருந்ததாலதான் சிஸ்டர் இந்த மட்டுக்கும்” என்றார். காபியைக் கையிலேயே வைத்திருந்து ஆறவிட்டேன்.

மார்ச் 1, சனி

உயிருக்கு ஆபத்து இல்லை என்றார்கள். வலது கை மூன்று விரல்களில் உணர்ச்சி இல்லை. வரலாம், வராமலும் போகலாம்.

கணபதி சார் மருந்து வாங்கப் போனபோது கேட்டேன், “நீ நூறு காட்டினப்போ உண்மையில எவ்வளவு இருந்துச்சு?”

“அறுவது.”

“ஏன்டி அப்படிக் காட்டின?”

ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “புக்ல அப்படித்தான இருக்கு. எந்த டைவ்லயும் மேல ஏறும்போதுகூட எம்பதுக்குக் கீழ நான் போனதே இல்ல. அவரு வேற நல்ல முன்னேற்றம்னு சொன்னாரு. பதினஞ்சு நிமிஷத்துலயே அறுவதுன்னு எப்படிக் காட்டுவேன்? கொஞ்ச நேரத்துல எல்லாரும் மேல போயிடுவோம்னு நெனச்சேன்.”

அந்த எண்களை யார் போட்டது என்று அவள் சொல்லவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

சென்டருக்கு வரச் சொல்லி அன்வர் சார் கூப்பிட்டிருந்தார். தூங்கி ஒரு வாரம் ஆன முகம். மேசையில் வசுவின் லாக் புக் திறந்திருந்தது. மாசிலாமணி அண்ணன் வாசல்படியில் நின்றார்.

“பாருங்க டீச்சர். பதினேழு டைவ், ஒருதடவை கூட எம்பதுக்குக் கீழ இந்தம்மா மேல வந்ததில்ல. அன்னிக்கு இருவது நிமிஷத்துல காலி. என்ன அர்த்தம்? சிலிண்டர் ஒழுங்கா ரொம்பல.”

“எரநூறு இருந்துச்சு சார். படகுல எல்லாரும் பார்த்தாங்க” என்றார் மாசிலாமணி அண்ணன்.

“சூட்டோட நிரப்பினா எரநூறுதான் காட்டும். தண்ணிக்குள்ள போய் ஆறினா குறைஞ்சுடும். அவசரத்துல தொட்டில வைக்காம நிரப்பியிருப்ப.”

“தொட்டிலதான் சார் வச்சேன்.”

அன்வர் சார் என் பக்கம் திரும்பினார். “டீச்சர், நீங்க ஃபிசிக்ஸ். சூடு ஆறினா அழுத்தம் குறையுமா, குறையாதா?”

“குறையும்” என்றேன்.

இயற்பியல் அதுதான். நான் பொய் சொல்லவில்லை.

மாசிலாமணி அண்ணன் என்னையே பார்த்தார். பிறகு கொடியிலிருந்த துண்டையும் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். ஒன்பது வருட வேலை போயிற்று.

மார்ச் 5, புதன்

விபூதிப் புதன். நெற்றியில் சாம்பலோடு இன்விஜிலேஷன். “தவக்காலத்துக்கு எதை விடப்போற?” என்றார் ஸ்டீபன். “காபி” என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

வசு வீட்டுக்கு வந்துவிட்டாள். இட்லியை ஸ்பூனால் சாப்பிடுகிறாள், இடது கையால். பியூரெட் ஒன்றை லேபிலிருந்து எடுத்துவரச் சொல்லியிருந்தாள். ஜன்னல் கம்பியில் கட்டி வைத்துக்கொண்டு அதன் திருகைத் திருப்பிப் பார்த்தாள். வலது விரல்கள் அதன் மேல் உட்கார்ந்தன, திருப்பவில்லை. சொட்டுச் சொட்டாக விடத் தெரியாவிட்டால் கெமிஸ்ட்ரி டீச்சருக்கு லேபில் என்ன வேலை? நான் பியூரெட்டைக் கழுவி வைத்தேன்.

மார்ச் 14, வெள்ளி

பாவசங்கீர்த்தனம் செய்தேன். கோபம், பொறாமை, ஞாயிறு பூசை தவறியது. “வேறு ஏதாவது?” என்றார் சாமியார். “அவ்வளவுதான் சாமி” என்றேன். மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். மலிவு.

மார்ச் 16, ஞாயிறு

வசுவுக்கு மாசிலாமணி அண்ணன் விஷயம் தெரிந்துவிட்டது. யார் சொன்னார்களோ.

“நான் அன்வர் சாருக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடவா?” என்றாள்.

“உன் கை சரியாகட்டும், நிதானமாச் சொல்லலாம்.”

“ஆகலன்னா?”

டியூஷனுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன். இன்று டியூஷன் கிடையாது. கடற்கரை வரை நடந்து போய் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தேன். சொன்னால் டைவ் மாஸ்டர் போச்சு. சென்டர் போச்சு. பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தால் ரெக்கார்ட் நோட்டில் சிவப்பு மையைத் தொட எனக்கு என்ன யோக்கியதை? இதெல்லாம் பயம். பயத்துக்கு வசுவின் கையைச் சாக்காக வைத்திருக்கிறேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

மார்ச் 22, சனி

மதியம் சாம்பார் தாளித்துக்கொண்டிருந்தபோது மாசிலாமணி அண்ணன் வந்தார். நியாயம் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஸ்டீபன் நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை. கையில் புது வெள்ளைத் தாள் நான்கு, கடையில் வாங்கிய மடிப்போடு.

“ஒரு லெட்டர் எழுதித் தரணும் டீச்சரம்மா. அன்வர் சாருக்கு.”

“என்ன லெட்டர் அண்ணே?”

“நான் ஆறவச்சுத்தான் நிரப்பினேன். அதை எப்படி நிரூபிக்கிறதுன்னு எனக்குத் தெரியல. நீங்க சூடு, அழுத்தம் எல்லாம் படிச்சவங்க. கணக்குப் போட்டு எழுதிக் குடுத்தீங்கன்னா சார் ஒத்துக்குவாரு. உங்க மேல அவருக்கு மரியாதை.” கொஞ்சம் நிறுத்தி, “அன்னிக்கு நீங்க சொன்னது தப்புன்னு சொல்ல வரல. குறையும்தான். நானே கண்ணால பார்த்திருக்கேன். ஆனா அவ்ளோ குறையுமா?” என்றார்.

அவ்ளோ குறையுமா. முப்பது வருடம் கடலில் இருந்தவர் கேட்ட கேள்வியை அன்வர் சார் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல நான் என்ன முட்டாளா என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

“இப்ப எங்க வேலைக்குப் போறீங்க?” என்றார் ஸ்டீபன்.

“துறைமுகத்துல ஐஸ் ஒடைக்கிறேன் சார். இடுப்புதான் கேக்க மாட்டேங்குது.”

நாளை தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். தாள்களை மேசையில் வைத்து உட்கார்ந்தேன். பொங்கலன்று உட்கார்ந்த அதே மேசை. கணக்கு நான்கு வரிதான். சிலிண்டர் ஐம்பது டிகிரிச் சூட்டில் இருநூறு காட்டினால், கடலில் இருபத்தெட்டுக்கு ஆறும்போது நூற்று எண்பத்தாறு காட்டும். பதினான்கு குறையும். வசு அந்த ஆழத்தில் இழுக்கும் வேகத்துக்கு அது இரண்டு நிமிடக் காற்றுகூட இல்லை. அவர் சூட்டோடு நிரப்பியிருந்தால்கூட இருபதாவது நிமிடம் காலியானதற்கு அவர் காரணம் இல்லை.

இந்தக் கணக்கு இன்று போட்டதல்ல. மார்ச் இரண்டாம் தேதி பஸ்ஸில் திரும்பும்போதே மனசுக்குள் போட்டுவிட்டேன். அதை இங்கே எழுதவில்லை. ‘பொய் சொல்லவில்லை’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

கணக்கை எழுதி முடித்ததும் கடிதம் அப்படியே நின்றுவிட்டது. பதினான்கு போனால் மிச்சக் காற்று எங்கே போனது என்று அன்வர் சார் கேட்பார். அதற்கு மாசிலாமணி அண்ணனால் பதில் எழுத முடியாது. அவருக்குத் தெரியாது.

வசுவுக்கு ஃபோன் செய்தேன். “நாளைக்குச் சொல்லப் போறேன்.”

“என் புக்கும் அங்கதான் இருக்கு. அதையும் சேர்த்துச் சொல்லு” என்றாள்.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் சிவப்புப் பேனாவை எடுத்தேன். என் லாக் புக்கில் இருபத்து நான்கு முதல் நாற்பது வரை ஒவ்வொரு பக்கத்திலும் மூலைக்கு மூலை கோடு போட்டு ‘ரிப்பீட்’ என்று எழுதினேன். பதினேழு தடவை. உப்புத் தண்ணீர் தெளித்த தாள், மை ஊறிப் பரவியது.

ஸ்டீபன் பின்னால் நின்று பார்த்தார். “இதெல்லாம் அந்தமான் டைவ் இல்ல?”

“அந்தமான்ல பஜ்ஜி சாப்பிட்டோம்.”

அவர் வழக்கம்போல் ஏதாவது கிண்டல் செய்வார் என்று பார்த்தேன். செய்யவில்லை. “நானும் வரட்டுமா?” என்றார். வேண்டாம் என்றேன். பஸ் ஸ்டாப் வரை வந்தார்.

அன்வர் சார் முதலில் புரிந்துகொள்ளவில்லை. என் புக்கைப் புரட்டினார், மறுபடி புரட்டினார். அலமாரியிலிருந்து வசுவின் புக்கை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் எண்கள் ஐந்து பத்து வித்தியாசத்தில் அக்கா தங்கை மாதிரி இறங்கி வந்தன. எந்த டீச்சரும் ஒரு பார்வையில் பிடித்துவிடுவாள்.

“வசு டீச்சர் உண்மையில எத்தனை டைவ்?”

“அன்னிக்குப் பண்ணினது இருபத்து நாலாவது சார். எனக்கும்.”

“பதினெட்டு மீட்டருக்குக் கீழ?”

“அதுதான் முதல் தடவை.”

எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். கத்துவார் என்று காத்திருந்தேன், கத்தியிருந்தால் தேவலை. “இருபத்து மூணு டைவ்தான்னு சொல்லியிருந்தா பதினெட்டு மீட்டரோட நிறுத்தியிருப்பேன். ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதடவை அவங்க மீட்டரை நானே பார்த்திருப்பேன். புதுசா வர்றவங்களுக்கு அப்படித்தான் பண்றேன். உங்க கையெழுத்தை நம்பித்தானே டீச்சர் அவங்களைக் கீழ கூட்டிட்டுப் போனேன்?”

நான் அழுதேன். ரோஸ்லின் அழுதபோது நான் கண்டுகொள்ளாத மாதிரியே அவரும் இருந்தார்.

“காசு இல்லன்னா காசு இல்லன்னு சொல்லியிருக்கலாம். வேற வழி பார்த்திருப்பேன்” என்றார் கடைசியில். பிறகு, “இனிமே இங்க வராதீங்க. ஊர்ல இருக்கிற மத்த சென்டருக்கும் சொல்லிடுவேன். சொல்லாம இருக்க முடியாது. புரியுதா?” புரிகிறது என்றேன். இரண்டு புக்கையும் படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்தார்.

என் முன்னாலேயே மாசிலாமணி அண்ணனுக்கு ஃபோன் செய்தார். அரை மணியில் சைக்கிளில் வந்துவிட்டார், ஈரக் கைலியோடு. அன்வர் சார் எழுந்து நின்று அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். நடந்ததை அவரிடம் நானே சொல்ல வேண்டும் என்று சொன்னேன். லெட்டர் எழுதவில்லை, இதுதான் விஷயம் என்று நின்றபடி சொன்னேன்.

அவர் முழுக்கக் கேட்டார். கோபமே இல்லை அந்த முகத்தில். எதையோ எண்ணிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

“மூணு வாரம் ஆச்சே டீச்சரம்மா” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். துண்டைக் கொடியில் போட்டுவிட்டுச் சிலிண்டர் பக்கம் போனார்.

மார்ச் 24, திங்கள்

ரோஸ்லினை நூலகத்தின் முன்னால் பார்த்தேன். நாளை கடைசிப் பரீட்சை. “ஆல் தி பெஸ்ட்” என்று சொன்னேன். பயந்துபோய் ஓடிவிட்டாள்.

மார்ச் 30, ஞாயிறு

பூசைக்குப் போனேன். வேறு வேலை இல்லை. கோயிலிலிருந்து வெளியே வந்தால் கடல் தெரியும், தெருக் கோடியில், கத்தரி நீலமாக. இன்று தண்ணீர் தெளிவாக இருக்கும், மேற்குக் காற்று. மாமியார் என்னைப் பூசையில் பார்த்துப் பூரித்துப்போனார்.

அங்கிருந்து வசு வீட்டுக்குப் போனேன். கணபதி சாரிடமும் அவளே சொல்லியிருந்தாள். அவர் எனக்குக் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். காபி வரவில்லை. அது நியாயம்தான். நான் காபியை விட்டிருப்பது அவருக்குத் தெரியாது.

வசுவின் ஒரு விரலில் உணர்ச்சி வந்திருக்கிறது. மோதிர விரல். ஊசியால் குத்திக் காட்டினாள், “ஆ” என்று கத்திவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன், பிறகு இருவருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

“ஒரு டைவ் எழுதாம பாக்கி இருக்கு” என்றேன்.

என் லாக் புக்கைத் திறந்தேன். சிவப்புக் கோடு போட்ட பதினேழு பக்கங்களைத் தாண்டி ஒரு வெற்றுப் பக்கம். எண் என்ற இடத்தில் 24 என்று எழுதினேன். பிப்ரவரி 23. ஆழம் இருபத்தாறு மீட்டர். நேரம் இருபது நிமிடம். ஜோடி, வசுந்தரா. குறிப்புக்கு விட்டிருந்த இடத்தில், ஜோடி என் காலைப் பிடித்தபோது நான் திருக்கை மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுதினேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

அவள் புக்குக்கும் நானே எழுதினேன். அவளுக்குக் கை வராது. இந்த முறை ஒவ்வொரு எண்ணையும் அவளிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன்.

“பதினஞ்சாவது நிமிஷம். கையால காட்டினது?”

“நூறு.”

“மீட்டர்ல இருந்தது?”

“அறுவது.”

இரண்டையும் எழுதினேன். என் புக்கில் ஜோடி கையெழுத்துக்கு இடம் காட்டினேன். இடது கையால் போட்டாலே போதும் என்றேன். அவள் கேட்கவில்லை. பேனாவை வலது கைக்குள் செருகிக்கொண்டு, மேலே இடது கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். வெகுநேரம் ஆனது. வசுந்தரா என்று படிக்கவே முடியவில்லை, கோட்டை விட்டு இறங்கி ஓரத்துக்குப் போய்விட்டது.

“சரியா வரல, இல்ல? திரும்பப் போடட்டா?” என்றாள்.

வேண்டாம் என்று சொல்லிப் புக்கை மூடினேன்.